வயிரவன் பெயரில் ஒரு மேசை

கரடி வேஷம் போட்ட ஆளோடு கைகுலுக்கிக்கொண்டே பசியாற வேண்டும் என்று முதன்முதலில் எவனுக்குத் தோன்றியதோ, அந்தப் புண்ணியவானை மெய்யம்மை மனதுக்குள் வஞ்சனையில்லாமல் திட்டினாள்.

மணி ஒன்பதுகூட ஆகவில்லை. ஸ்ரீ கெம்பாங்கான் ஊரைத் தாண்டி, பழைய ஈயக் குட்டைகளை ஒட்டிக் கட்டியிருந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவின் உணவகத்தில் ஏர்கோன் குளிர் எலும்பைத் தொட்டது. முயல் ஒன்று மேசை மேசையாகக் குதித்து வந்தது. அதன் பின்னால் மஞ்சள் அலகு வைத்த இருவாட்சிப் பறவை, அதற்கும் பின்னால் தொந்தியைக் குலுக்கிக்கொண்டு கரடி. பிள்ளைகள் கத்திய கத்தலில் காது அடைத்தது. பெற்றவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். சிரிக்காத மேசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் மெய்யம்மை உட்கார்ந்திருந்தாள்.

எதிரே கிள்ளான் நாச்சியப்ப செட்டியாரும் அவர் மனைவி அழகம்மையும். நடுவில் கதிரேசன், மெய்யம்மையின் இரண்டாவது பிள்ளை, எட்டு வயது. பசியாறி முடித்ததும் அவன் அவர்களோடு காரில் ஏறிக் கிள்ளானுக்குப் போகிறான். மெய்யம்மை மட்டும் பஸ் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்புகிறாள். பையனின் உடுப்புப் பையைக் காலையிலேயே காரின் பின்னால் வைத்தாகிவிட்டது.

பிள்ளை விடுவது செட்டியார் வீடுகளில் புதிதல்ல. ஆண் பிள்ளை இல்லாத வீடு, அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டில் இரண்டு மூன்று பையன்கள் இருந்தால் ஒருவனைக் கேட்டுக் கூட்டிக்கொள்ளும். நாள் பார்த்து, பங்காளிகள் முன்னிலையில் பையன் மஞ்சள் நீர் குடித்துவிட்டால் முடிந்தது. அன்றிலிருந்து கூட்டிக்கொண்டவர்கள்தான் அவனுக்கு அப்பச்சியும் ஆத்தாவும். பெற்றவர்கள் செத்தால் கொள்ளி வைக்கும் உரிமைகூடக் கிடையாது. சபையில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு இதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். அவர்களா பத்து மாதம் சுமந்தார்கள்?

நாச்சியப்ப செட்டியாரின் ஒரே மகன் வயிரவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒன்பது வயதில், வீட்டு வாசலிலேயே லோரி மோதிச் செத்துப்போனான். அழகம்மைக்கு இனிமேல் பிள்ளை தங்காது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் மெய்யம்மையின் கணவன் சோலையப்பனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணினால்தான் உயிர். அரசாங்க வரிசையில் இடம் கிடைப்பதற்குள் ஆள் இருக்கமாட்டான். தனியார் நிலையமோ இவர்கள் எட்டிப்பார்க்கிற இடமில்லை. அப்போதுதான் கிள்ளானிலிருந்து பேச்சு வந்தது. "சோலையப்பன் தம்பி இருக்கிற வரைக்கும் டயாலிசிஸ் என் பொறுப்பு" என்றார் செட்டியார். மூன்று மாதமாகக் கட்டியும் வந்தார். தை மாதம் மஞ்சள் நீர். அதற்கு முன்னால் ஸ்கூல் லீவில் பையன் வந்து பழகட்டும் என்று முடிவானது.

சோலையப்பனுக்குச் சாக இஷ்டமில்லை. நாற்பத்திரண்டு வயதில் யாருக்குத்தான் இருக்கும்? "கிள்ளான் என்ன கடல் தாண்டியா இருக்கு? பஸ் ஏறினா பாத்துட்டு வரலாம்" என்று முதலில் தலையாட்டியவன் அவன்தான். அதைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் மெய்யம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆக, புருஷனுக்குப் பதில் பிள்ளை. யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கதிரேசனுக்கும் சேர்த்து.

ஒரு மாதமாக மெய்யம்மை அவனைப் பரீட்சைக்குத் தயார் செய்வதுபோலத் தயார் செய்தாள்.

"அவுகளை ஆத்தான்னு கூப்பிடணும். என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ‘என்ன ஆத்தா’ன்னு திரும்பணும். தட்டுல வச்சதை மிச்சம் வைக்கக்கூடாது. என்னைப் பாத்து அழக்கூடாது. நான் யாருன்னு யாராச்சும் கேட்டா ஆன்டின்னு சொல்லு."

"ஏன் ஆத்தா?"

"என்னையும் ஆத்தான்னு சொன்னா அவுகளுக்கு மனசு கஷ்டமா இருக்கும்லா."

அவன் சரி என்றான். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிற பிள்ளை. மூத்தவன் இராமலிங்கத்தை அனுப்பச் சொல்லியிருந்தால் அந்த ஃபிளாட்டே இரண்டு பட்டிருக்கும். கதிரேசன் ராத்திரி படுக்கப் போகுமுன் தானாகவே ஒப்பித்துப் பார்ப்பான். அந்த அடக்கத்தைப் பார்த்து மெய்யம்மை பெருமைப்பட்டாள் என்பதுதான் கொடுமை.

"வாடா, என்னென்ன இருக்குன்னு பாப்போம்" என்று செட்டியார் பையனைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போனார். அவருக்கு அந்த இடம் தண்ணீர் பட்ட பாடு. எந்த மூடிக்குள் எது இருக்கிறது என்று தேடவே இல்லை. சாசேஜ் மாடா, கோழியா என்று பணியாளிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். திரும்பி வந்தபோது பையன் கையிலிருந்த தட்டில் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ், அதன் மேலேயே இரண்டு பான்கேக், அதன் மேல் தேன். ஓரத்தில் மஞ்சள் கரு தளும்பும் அரைவேக்காட்டு முட்டை இரண்டு.

"இப்படித்தான் சாப்பிடணும். சாப்பிட்டுப் பாரு, விடமாட்டே" என்றார்.

மீயையும் பான்கேக்கையும் கலந்து தின்னும் பிள்ளையை மெய்யம்மை எங்கேயும் கண்டதில்லை. அதைக்கூட விடலாம். கதிரேசனுக்கு முட்டை ஆகாது. மஞ்சள் கருவைக் கண்டாலே குமட்டும். கைக்குழந்தையிலிருந்தே அப்படி. அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். அதற்குள் அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டியை விழுங்கிவிட்டான். தண்ணீர் குடித்தான். மறுபடி விழுங்கினான்.

"பாரு அழகி, என்னமா சாப்பிடறான்!" என்றார் செட்டியார்.

அழகம்மை பையனைப் பார்க்கவில்லை. காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் காரை நிறுத்தியதிலிருந்து அவள் அவனை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டு, காலியான தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தவள், பழம் எடுக்கப் போவதுபோல எழுந்தாள். மெய்யம்மை பின்னாலேயே போனாள். பிள்ளையை ஒப்படைக்கப்போகிறவளுக்கு, எப்படியாவது அழகம்மையின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அதைப் பார்த்துவிட்டால் நிம்மதியாக பஸ் ஏறலாம்.

"முட்டை பிடிக்குமா அவனுக்கு?" பப்பாளித் துண்டுகளைப் பார்த்தபடியே அழகம்மை கேட்டாள்.

"பிடிக்கும் ஆச்சி."

"பொய் சொல்லாதே. கண்ணுல தண்ணி நிக்குது."

மெய்யம்மை பழம் எடுக்கும் இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

"அது வயிரவன் சாப்பிடறது" என்றாள் அழகம்மை. "மீ மேல பான்கேக், பக்கத்துல ரெண்டு முட்டை. வருஷா வருஷம் அவன் பேர்த்டேக்கு இங்கதான் வருவோம். அந்த மேசைதான். இன்னிக்கு அவன் பேர்த்டே, மெய்யம்மை."

மெய்யம்மை கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"கிள்ளான்லேர்ந்து வர்றப்பத்தான் இவுக எனக்கே சொன்னாக. அவன் பேர்லயே மேசை புக் பண்ணியிருக்காகளாம். நம்ம வீட்டுப் பேரை முதல் நாள்லயே வச்சுட்டா பையனுக்கு ஒட்டிக்கும், உனக்கும் ஒட்டிக்கும்ங்கறாக." அழகம்மை பப்பாளித் தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன். வர்ற பிள்ளை அழும், ஆத்தாகிட்ட போகணும்னு அடம் பிடிக்கும், நாலு நாள் சாப்பிடாது, நான் கெஞ்சிக் கொஞ்சி வழிக்குக் கொண்டு வரணும்னு நெனச்சேன். உன் பிள்ளை அழவே மாட்டேங்குதே?"

"நல்ல பிள்ளை ஆச்சி. தொந்தரவே குடுக்கமாட்டான்" என்றாள் மெய்யம்மை அவசரமாக. சரக்கு நல்லது என்று சொல்கிற கடைக்காரிபோலத் தன் குரல் தனக்கே கேட்டது. கூசியது.

"வயிரவன் பாசார்ல சாமான் வாங்குறப்ப நான் நாலு எட்டு முன்னால போயிட்டாப் போதும், ஊரையே கூட்டிருவான்" என்று சொல்லிவிட்டு அழகம்மை பழம் எடுக்காமலே திரும்பி நடந்தாள்.

அவர்கள் உட்கார்ந்தார்களோ இல்லையோ, விளக்குகள் மங்கின. பாட்டு அலறியது. மஞ்சள் சட்டை போட்ட சீனப் பெண் ஒருத்தி மைக்கோடு முன்னால் வர, கரடி தள்ளுவண்டியில் கேக்கைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. முயலும் இருவாட்சியும் ஆடிக்கொண்டே வந்து மேசையைச் சுற்றி நின்றன. கேக்கின் மேல் சிவப்பு கிரீமில் வயிரவன் என்று ஆங்கிலத்தில் எழுதி, பதினொன்று என்று எண் வடிவில் மெழுகுவத்தி குத்தியிருந்தார்கள். பழைய பதிவைப் பார்த்து அவர்களாகவே வயதைக் கூட்டியிருக்கிறார்கள். ஒன்பதோடு நின்றுபோன பிள்ளைக்கு அந்த உணவகம் மட்டும் வயதேற்றிக்கொண்டே வந்திருந்தது.

செட்டியாரின் முகம் மலர்ந்திருந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். தாம் செய்வது எல்லாருக்கும் நல்லது என்று முழுசாக நம்பினார். அப்படி நம்புகிறவர்களிடம்தான் ஒன்றும் பேச முடிவதில்லை.

"ஹலோ பேர்த்டே பாய்! வாட்ஸ் யுவர் நேம்?" அந்தப் பெண் குனிந்து மைக்கை நீட்டினாள்.

கதிரேசன் மெய்யம்மையைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். வேண்டாம் என்று கண்ணைக் காட்டியிருக்கலாம். ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்த பழக்கம், அவள் தலை சரி என்று தானாக ஆடியது.

அவன் கேக்கைப் படித்தான். "வயிரவன்" என்றான். கூடம் முழுக்கக் கேட்டது.

"ஹவ் ஓல்ட்?"

"இலெவன்."

"வாவ்! ஹூ இஸ் யுவர் மம்மி?"

அவன் அழகம்மையைக் கைகாட்டினான்.

"அண்ட் திஸ் லேடி?" என்று அவள் மெய்யம்மை பக்கம் திரும்பினாள்.

"ஆன்டி" என்றான் கதிரேசன். குரலில் பிசிறே இல்லை. கரடி பெரிய பஞ்சுக் கைகளைத் தட்டியது.

மெய்யம்மை சொல்லிக் கொடுத்ததுதான். எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டான். இருந்தாலும், ஒரு நொடி தடுமாறியிருக்கக்கூடாதா? அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு அவள் மிச்ச காலத்தை ஓட்டியிருப்பாள்.

பையன் ஊதுவதற்காக மூச்சை இழுத்தான்.

"ஊதாதே!"

அழகம்மை எழுந்து நின்றிருந்தாள். அந்தச் சத்தத்தில் பக்கத்து மேசைகள் திரும்பின. மைக் பெண் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு இவன் வேணாம்" என்றாள் அழகம்மை.

"அழகி, உக்காரு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். என் பிள்ளை பேரை மிட்டாய் வாங்குற மாதிரி வாங்கிக்கிட்டானே! பெத்தவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ஆன்டிங்கிறான். நாளைக்கு நீங்க இன்னொருத்தியைக் காட்டினா என்னையும் ஆன்டின்னுட்டுப் போயிருவான். இப்படி ஒரு பிள்ளையை வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

"சின்னப் பிள்ளை, சொல்லிக் குடுத்ததைச் சொல்லுது."

"சொல்லிக் குடுத்தவ இங்கதான் இருக்கா. கூட்டிட்டுப் போகட்டும்."

கதிரேசனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எதில் தவறினோம் என்று யோசித்தான் போலிருக்கிறது. தட்டை மெதுவாக அழகம்மை பக்கம் நகர்த்திக் காட்டினான்.

"முட்டை ரெண்டையும் சாப்பிட்டேன், ஆத்தா" என்றான் அவளிடம்.

அழகம்மை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் விழுந்தாள். கரடி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. மெழுகுவத்தியை அந்த மைக் பெண்தான் ஊதி அணைத்தாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. நாச்சியப்ப செட்டியார் காரைத் திறந்து பையை எடுத்து மெய்யம்மையிடம் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இந்த மாசம் முடிய கட்டியாச்சு" என்றார். "அதுக்கு மேல… முறைன்னு ஒண்ணு இருக்குல்ல மெய்யம்மை. பிள்ளை விட்ட வீட்டுக்குச் செய்யறதை யாரும் கேக்கமாட்டாங்க. விடாத வீட்டுக்கு நான் என்னன்னு செய்யறது? சோலையப்பனே வாங்கமாட்டான்."

"தெரியும் அண்ணே."

"அவ கோபத்துல பேசுறா. நீ உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். பொம்பளைக்குப் பொம்பளை. நீ கால்ல விழுந்தேன்னு வையி, அவ மனசு தாங்காது. நான் பையனோட இங்க நிக்கிறேன்."

கண்ணாடிக் கதவு வழியே அழகம்மை தெரிந்தாள். எல்லா பொம்மைகளும் வேறு மேசைக்குப் போய்விட்டிருந்தன. அவள் கேக்குக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபது அடி தூரம் இருக்குமோ என்னவோ. போய்க் கையைப் பிடித்து, ‘ஆச்சி, என் புருஷன் செத்துப்போவாக’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழகம்மை கல்நெஞ்சக்காரி இல்லை. செத்த வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவள். கூட்டிக்கொள்வாள். மெய்யம்மைக்கு அதில் சந்தேகமே இல்லை.

தேன் ஒட்டிப் பிசுபிசுத்த கை ஒன்று அவள் கைக்குள் நுழைந்தது. கதிரேசன் முகத்தை நிமிர்த்தவில்லை. கையை மட்டும் கொடுத்துவிட்டு நின்றான்.

அந்தக் கணத்தில் மெய்யம்மைக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எந்தப் பெயர் சொல்லியும் அதை மறைக்க முடியாது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சந்தோஷம். புருஷனும் மெஷினும் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. அவற்றையும் மீறி அது பொங்கியது.

"பஸ் வந்துரும் அண்ணே. நாங்க கிளம்புறோம்" என்றாள்.

மினி பஸ்ஸில் கூட்டம் இல்லை. சுங்கை பெசி நிறுத்தம் வரும்முன் கதிரேசன் ஜன்னல் வழியே முட்டை அத்தனையையும் வாந்தி எடுத்தான். டிரைவர் மலாய் மொழியில் கத்தினான். மெய்யம்மை பையிலிருந்து அவனுடைய புதுச் சட்டை ஒன்றை உருவி வாயைத் துடைத்துவிட்டாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டான்.

"இல்லடா. எல்லாம் சரியாத்தான் சொன்னே."

"அப்புறம் ஏன் வேணாம்னாங்க?"

அவள் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். கொஞ்சம் தூரம் போனதும் அவன் மறுபடி கேட்டான். "அப்ப அப்பச்சிக்கு மெஷின்?"

பொங்கியது எல்லாம் அந்த இடத்தில் அடங்கிப்போனது. மாதம் முடிய இன்னும் எட்டு மெஷின் நாள். விரல் விட்டு எண்ணினாள். வேறு எங்கேயாவது கேட்கலாம், கோயிலில் கேட்கலாம், மனு எழுதிப் போடலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இந்த இடங்களுக்கெல்லாம் ஏற்கெனவே போய் வந்த பிறகுதான் கிள்ளானுக்குச் சரி சொன்னார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். எட்டுக்குப் பிறகு உடம்பு ஊதும். மூச்சு இரைக்கும். பத்துப் பதினைந்து நாள் என்று நர்ஸ் ஒருமுறை சொல்லியிருந்தாள். திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தாள். எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் நாலாவது மாடி ஏறிக் கதவைத் திறந்தபோது சோலையப்பன் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தான். அவள் மட்டும் வருவாள் என்று நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவன், சின்னச் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். பையனைக் கண்டதும் அந்த வீங்கிய முகம் முழுக்க மலர்ந்தது. எத்தனையோ மாதமாக அவள் பார்க்காத சிரிப்பு. அப்புறம் பையைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"வேணாம்னுட்டாகளா?"

"ஆமா."

"ஏன்? பையன் அழுதானா?"

"இல்ல. அழல. அதான் வேணாமாம்."

அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவளுக்குத் தெம்பில்லை. கூரையைப் பார்த்தான். கேட்க நினைத்ததைக் கேட்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. கடைசியில் கேட்டான்.

"நீ ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தியா மெய்யம்மை?"

கதிரேசன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கார் பக்கத்தில் கூடவே நின்றவன் அவன்.

"கேட்டேங்க" என்றாள்.

பையன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"கேக்காம இருப்பியா நீ" என்றான் சோலையப்பன். கை ஊன்றிச் சிரமப்பட்டு நகர்ந்து, பாயில் பையனுக்கு இடம் விட்டான்.